கிலோ என்ன விலை?

அப்பாவின் கணக்கு நோட்டில் 1984-ஆம் வருடத்துக்கு ஒரு தனிப் பக்கம் உண்டு. உச்சியில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே 'தம்பி உடம்பு வகைக்கு' என்று தலைப்பு. தம்பி நான்தான். அப்பா மணப்பாறையில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப்பிள்ளை. முதலாளி கணக்கில் ஒரு பைசா பிசகினாலும் அன்று ராத்திரி தூங்க மாட்டார். வீட்டுக் கணக்கிலும் அதே கண்டிப்புதான். பூவன் பழம் 1 டஜன், 2.50. நாட்டுக்கோழி முட்டை 10, 7.00. கறுப்பு உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய். மீன் எண்ணெய் மாத்திரை. டானிக் பெரிய பாட்டில், 17.40. இப்படியே பக்கம் முழுக்க இறங்கி, அடியில் கூட்டுத்தொகை 386 ரூபாய். அப்போது அவருடைய மாதச் சம்பளம் 420.

கூட்டுத்தொகைக்குப் பக்கத்தில் பென்சிலால் இரண்டு எண்கள்: தை 46, மார்கழி 47½. என் எடை. 386-ஐ ஒன்றரையால் வகுத்தால் கிலோ 257 ரூபாய். அப்பா வகுத்துப் பார்க்கவில்லை. பெற்ற பிள்ளையை அப்படி வகுக்க அவருக்குத் தோன்றியிருக்காது. வகுத்தது நான். 38 வருடம் வங்கியில் குப்பை கொட்டியவனுக்கு வேறு என்ன தெரியும்?

அப்போது எனக்கு வயது 19. உயரம் 170 சென்டிமீட்டர். சட்டை என் உடம்பில் இருந்தாலும் கொடியில் இருந்தாலும் ஒரே மாதிரிதான் தொங்கும். தெருவில் 'ஓமக்குச்சி' என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பேன். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. வருத்தமெல்லாம் அம்மாவுக்கு. கல்யாணப் பந்தியில் யாராவது ஒரு பெரியம்மா என் கன்னத்தைக் கிள்ள வந்து, கிள்ள ஒன்றும் அகப்படாமல், "ஏண்டி, புள்ளைக்குச் சோறு போடறியா இல்லியா?" என்று கேட்டுவிடுவார். அவருக்கு அது வேடிக்கை. அம்மாவுக்கு மானப் பிரச்சினை. எங்களை மாதிரி வீடுகளில், பிள்ளை உடம்பில் சதை இருந்தால்தான் அடுப்பு தினமும் எரிகிறது என்று ஊர் நம்பும். என் விலா எலும்புதான் எங்கள் குடும்பத்தின் வருமானச் சான்றிதழ்.

ஆகவே ஞாயிறு தவறாமல் உளுந்தங்களி. வயசுக்கு வந்த பெண்களுக்குக் கிண்டுவதை எனக்குக் கிண்டினார்கள், நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி. அப்பாயி தன் பங்குக்கு விடியற்காலையில் பச்சை முட்டையை உடைத்து நேராக என் வாயில் ஊற்றுவாள். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பதுதான் அவள் படித்த மருத்துவம். எங்கள் வீட்டில் கொழுத்தவர் யாரும் இல்லாததால் கொள்ளு மாட்டுக்குப் போயிற்று.

அந்த வருடம் திருச்சியில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். ராத்திரியே ரயிலேறிப் போனோம். ஜங்ஷனில் அந்த எடை மெஷின் இருந்தது. கலர் விளக்குகள் ஓட, சக்கரம் சுழல, காசு போட்டால் 'டக்'கென்று ஒரு அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறு பக்கம் ஜோசியம். எனக்கு விழுந்த அட்டையில் 47½. ஜோசியம்: விரைவில் உயர் பதவி. அப்பா இரண்டையும் நிதானமாகப் படித்தார். ஜோசியத்தை நம்பி எடையைக் கோட்டை விடக் கூடாது என்று, ஸ்டேஷன் வாசலிலேயே ஒரு டஜன் பூவன் பழம் வாங்கினார்.

ஓட்டத்தில் தேறிவிட்டேன். ஒரு மைல். தூக்கிக்கொண்டு ஓட என்னிடம் என்ன இருந்தது? அடுத்தது எடை. ஐம்பது கிலோ வேண்டும் என்றார்கள். வரிசை நகர நகர, கயிற்றுக்கு அந்தப் பக்கம் அப்பாவும் மஞ்சப் பையோடு கூடவே நகர்ந்தார். பழத்தை உரித்து உரித்து நீட்டினார். "மெல்லாத தம்பி, முழுங்கு." ஒன்பது பழம். மேலே ஒரு சொம்புத் தண்ணீர். பத்தாவது பழம் பாதித் தொண்டையில் நின்றுவிட்டது. எடை மெஷினின் முள் 49-ல் நின்றது. ஹவில்தார் இந்தியில் ஏதோ சொல்லிவிட்டு என் வயிற்றை இரண்டு விரலால் தட்டினார். தண்ணீர் தளும்பும் சத்தம் எனக்கே கேட்டது. வெளியே வந்து, வேலியோரம் குனிந்து, அவ்வளவு பழத்தையும் திருச்சிக்கே திருப்பிக் கொடுத்தேன். ஊர் போய்ச் சேரும்வரை அப்பா வாய் திறக்கவில்லை. மணப்பாறையில் இறங்கும்போதுதான் சொன்னார்: "ரெண்டு டஜனா வாங்கியிருக்கணும்."

நோட்டில் அந்தப் பழமும் இருக்கிறது. 'பூவன் 1 டஜன், திருச்சி.' அந்த வரிக்கு மட்டும் விலை போடவில்லை.

இனி என் கணக்கு.

1987-ல் வங்கியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அப்புறம் கல்யாணம், பதவி உயர்வு, மோட்டார் சைக்கிள், சென்னைக்கு மாற்றல், மந்தைவெளியில் வீடு. 2012-ல் வங்கியில் வருடாந்திர உடல் பரிசோதனை. 86.2 கிலோ. டாக்டர் ஒரு அட்டவணையைத் தள்ளினார். கிலோவில் எடை; அதை மீட்டரில் உள்ள உயரத்தால் ஒரு தடவை வகுத்து, வந்ததை அதே உயரத்தால் இன்னொரு தடவை வகுக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் கெத்தலே என்ற பெல்ஜியக் கணித அறிஞர், சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று ஆராயப்போய்ப் போட்ட கணக்கு. மந்தைவெளியில் ஒரு வங்கிக்காரன் வேட்டியை எங்கே கட்டுவது என்று முழிப்பான் என அவர் நினைத்திருக்க மாட்டார். இந்தியர்களுக்கு 23 தாண்டினாலே அதிகம் என்கிறார்கள். எனக்கு 29.8.

கணக்கு கையில் கிடைத்த பிறகு சும்மா இருக்க முடியுமா? பழைய எண்களையும் போட்டுப் பார்த்தேன். 1984-ல் 16.4. 18.5-க்குக் கீழே இருந்தால் குறைந்த எடை. அப்படியானால் என் உயரத்துக்கு 53½ கிலோவிலிருந்து 66½ கிலோ வரைதான் சரி. நான் எப்போது அந்த எல்லைக்குள் இருந்தேன்? மெடிக்கல் சர்டிபிகேட், கல்யாண போட்டோ, மோதிரத்தின் அளவு எல்லாவற்றையும் வைத்துத் தோராயமாகப் பார்த்தால் 1988-லிருந்து 1998 வரை. பத்து வருடம். அந்தப் பத்து வருடமும் என் உடம்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதாக நினைவில்லை. அப்பா நோட்டிலும் பற்று இல்லை, என் நோட்டிலும் பற்று இல்லை. சைக்கிளில் வங்கிக்குப் போனேன், மூன்று வேளை சாப்பிட்டேன், படுத்தால் தூங்கினேன். இதுதாண்டா அது என்று யாராவது அப்போதே சொல்லியிருந்தால் கொஞ்சம் நின்று அனுபவித்திருப்பேன்.

இந்த இடத்தில், அந்தக் காலத்து வீட்டு வேலையே உடற்பயிற்சி என்று அம்மி, ஆட்டுக்கல், உரலை நினைத்து ஒரு பத்தி உருகுவது வழக்கம். நான் உருகப் போவதில்லை. ஆட்டுக்கல்லை நினைத்துக் கண் கலங்கும் ஆண்களில் ஒருவரும் அதில் மாவாட்டியவராக எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டுக்குக் கிரைண்டர் வந்த அன்று அம்மா அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிட்டாள். ஆட்டுக்கல் கொல்லைக்குப் போயிற்று. அதன் குழியில் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்தாள். ஒரு நாளும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இளைக்க என் முதல் பற்று: ஷூ, 4,500 ரூபாய். காலையில் ஸ்கூட்டரில் நாகேஸ்வரராவ் பூங்காவுக்குப் போய், அங்கே ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, ஸ்கூட்டரில் திரும்புவேன். வாசலில் அருகம்புல் ஜூஸ், வாழைத்தண்டு ஜூஸ், கொள்ளு சூப். அப்பாயியின் மாடு தின்ற அதே கொள்ளு. மாடு காசு கொடுக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. என் மாதிரி ஆள் ஒரு மணி நேரம் நடந்தால் 300 கலோரி கரைந்தால் பெரிது. ஆக, 26 நாள் நடந்தால் ஒரு கிலோ கரைய வேண்டும். கரையும், நடந்துவிட்டு நேராக வீட்டுக்குப் போனால். எங்கள் கோஷ்டி ஏழரை மணிக்கு மயிலாப்பூரில் ஒரு ஓட்டலில் கூடிவிடும். சர்க்கரை, பிரஷர், முட்டிவலி எல்லாவற்றையும் விரிவாக அலசியபடி நெய்ப் பொங்கலும் வடையும் சாப்பிடுவோம். காபி மட்டும் சர்க்கரை இல்லாமல்.

அடுத்த வருடம் ஜிம். வருடச் சந்தா 18,000. போனது 19 நாள். நாளொன்றுக்கு 947 ரூபாய். அங்கே பயிற்சி கொடுக்கும் பையன் முதல் நாளே, "அங்கிள், டார்கெட் என்ன?" என்று கேட்டான். அங்கிள் என்றதில் ஒரு அடி. டார்கெட் என்றதில் இன்னொன்று. வங்கியில் அப்போதுதான் டெபாசிட் டார்கெட்டை எட்டாமல் மெமோ வாங்கியிருந்தேன்.

2015-ல் பேலியோ. தமிழ்நாட்டில் பாதிப் பேர் ஆதிமனிதனாக மாறிக்கொண்டிருந்த நேரம். காலையில் ஊறவைத்து வறுத்த பாதாம் 100, எண்ணி. சோறு, இட்லி, தோசை எதுவும் கூடாது. முட்டை, பனீர், வெண்ணெய் போட்ட டீ. நூறு பாதாம் என்பது சுமார் 120 கிராம். மாதம் மூன்றரைக் கிலோ. பாதாமுக்கு மட்டும் மாதம் 3,000 ரூபாய் போயிற்று. காசு எண்ணிய விரல்களால் தினமும் பாதாம் எண்ணினேன். ஒன்று கூடினால் எடுத்து டப்பாவில் திரும்பப் போடுவேன்; கேஷ் டேலி ஆக வேண்டுமே. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, மூன்று மாதத்தில் 9 கிலோ இறங்கியது. புது பேன்ட் தைத்தேன். கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று பார்க்கிற கெட்ட பழக்கம் வந்தது.

அந்தப் பெருமையோடு ஊர்த் திருவிழாவுக்குப் போய் இறங்கினேன். பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்வி: "என்னப்பா, சுகரா?" ஒரு சித்தப்பா என் மனைவியைத் தனியாக அழைத்து, "எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லும்மா" என்றார். அம்மா ஒன்றுமே கேட்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, அந்த நோட்டை எடுத்து வந்து என் மடியில் போட்டாள். அப்பா போய் அப்போது ஆறு வருடம்.

"ஒன்னத் தேத்த உங்கப்பா என்ன பாடு பட்டாருன்னு பாரு. காசு குடுத்துக் கரைச்சுட்டு வந்திருக்கான்."

படித்துக்கொண்டிருக்கும்போதே தட்டில் முறுக்கு வந்தது. மணப்பாறை முறுக்கு. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. 2015-ல் அந்தக் கௌரவம் இல்லாமலேயே என்னை வீழ்த்தியது. அன்று சாயங்காலம் சோறு, மறுநாள் பொங்கல். ஐந்து மாதத்தில் 9 கிலோவும் வட்டியோடு வந்து சேர்ந்தது. அப்பா போட்ட முதலல்லவா, எங்கே போகும்?

டிரெட்மில் வாங்கியது 2016-ல். 42,000 ரூபாய், பன்னிரண்டு மாதத் தவணை. இந்த யந்திரத்தின் பூர்வீகம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 1818-ல் வில்லியம் க்யூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சிறைக் கைதிகளுக்காக இதன் மூதாதையைச் செய்தார். பெரிய சக்கரம், ஏறிக்கொண்டே இருக்க வேண்டும், எங்கேயும் போய்ச் சேர முடியாது. ஆஸ்கார் வைல்டுகூட லண்டன் சிறையில் அதில் மிதித்திருக்கிறார். கடைசியில் கொடுமை என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். கைதிகளுக்குத் தவணையும் இல்லை. நான் நான்கு மாதம் ஓடினேன். தவணை இன்னும் எட்டு மாதம் தனியாக ஓடியது. அதில் துணி காயப்போட்டோம் என்று எழுத ஆசைதான், ஆனால் எல்லோரும் எழுதிவிட்டார்கள். எங்கள் வீட்டில் அதன் மேல் 25 கிலோ அரிசி மூட்டை நின்றது.

2018-ல் டயட்டீஷியன். சனிக்கிழமைதோறும் எடை. வெறும் வயிற்றில், ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போவேன். வாசலிலேயே செருப்பு. உள்ளே போய் பெல்ட், பர்ஸ், செல்போன், சாவிக்கொத்து, வாட்ச் ஒவ்வொன்றாக மேஜையில் வைப்பேன். கடைசியாகக் கண்ணாடி. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் மெஷினில் எண் தெரியாது. அந்தப் பெண்தான் படித்துச் சொல்லும். ஒருநாள் மேஜையைப் பார்த்து, "சார், அடகு வைக்க வந்த மாதிரி இருக்கு" என்றது. நகைக்கெல்லாம் கடன் கொடுத்தவன் நான். பதில் சொல்லத் தெரியவில்லை. அயர்ன் பண்ணாத சட்டை எடை குறைவா என்றுகூட யோசித்திருக்கிறேன்.

2020 ஜனவரியில் புத்தாண்டுச் சலுகை. இன்னொரு ஜிம், இரண்டு வருடச் சந்தா 30,000. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 5,400. என் கொழுப்புக்கு அரசாங்கத்துக்கு வரி கட்டிய பெருமிதத்தோடு ரசீதைப் பத்திரப்படுத்தினேன். மார்ச்சில் ஊரடங்கு. ஜிம் மூடியது. ஊர் திறந்தபோது அந்த இடத்தில் மொபைல் கடை இருந்தது. ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது.

அப்புறம் வாட்ச், 9,000 ரூபாய். ஒரு நாளைக்கு 10,000 அடி நடக்கச் சொல்லி மணிக்கட்டைக் குத்திக்கொண்டே இருக்கும். இந்தப் பத்தாயிரம் வேதவாக்கு என்று நினைத்தேன். 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்றவர்கள் அதற்கு 'மன்போ-கெய்' என்று பெயர் வைத்தார்கள். பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம். வியாபாரத்துக்கு வைத்த பெயர் கடைசியில் விதியாகிவிட்டது. ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு, பாக்கி 700 அடியை ஹாலில் நடந்து தீர்ப்பேன். மனைவி தூக்கத்தில், "ஏங்க, திருடனா?" என்று கேட்டிருக்கிறாள். 2022 டிசம்பர் சீசனில் ஒரு கச்சேரியில்தான் வாட்சின் ரகசியம் பிடிபட்டது. தனி ஆவர்த்தனம் முடிந்து வாட்சைப் பார்த்தால் நான் 640 அடி நடந்திருந்தேன். தொடையில் தாளம் போட்ட கை! அந்த சீசனில் நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மயிலாப்பூரை எத்தனையோ தடவை சுற்றி வந்தேன். விளம்ப காலம் உடம்புக்கு ஆகாது. துரிதமாகப் பாடுகிறவர்களாகத் தேடிப் போனேன்.

2023-ல் பட்டினி. பதினாறு மணி நேரம் வாயைக் கட்டி, எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். இதற்கு ஒரு செயலி. வருடச் சந்தா 2,400. அப்பாயி கிருத்திகைக்குக் கிருத்திகை ஒருபொழுது இருந்தாள். அவளுக்கு முருகன் ஞாபகப்படுத்தினார், சந்தா வாங்கவில்லை. எனக்குச் செல்போன் 'இன்னும் 2 மணி 14 நிமிடம்' என்று ஞாபகப்படுத்தும்போதே பசி எடுத்துவிடும்.

போன வருடம் ஓய்வு பெற்றேன். அதே வருடம் மார்ச்சில், உடம்பைக் குறைக்கும் மவுஞ்சாரோ ஊசி இந்தியாவுக்கு வந்தது. வாரம் ஒன்று. அப்போது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய். மாதத்துக்கு நாலு போட்டால் 14,000. டாக்டரிடம் இழுத்துப் பார்த்தேன். அவர் என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "சார், நீங்க அந்த ஓட்டலை நிறுத்திப் பாருங்களேன்" என்றார். ஃபீஸ் 600. மொத்தக் கணக்கிலேயே உருப்படியான செலவு இதுதான் என்பதால் தனியாக வைத்திருக்கிறேன்.

ஓய்வு பெற்றவனுக்கு ஒரு மத்தியானம் போதும். ரசீதுகளை எடுத்து வைத்துக் கூட்டினேன். ஷூவிலிருந்து செயலி வரை, நடுவில் ஓட்ஸ், கிரீன் டீ, கொள்ளுப் பொடி, கொடம்புளித் தூள், சியா விதை இத்யாதி 11,000-ஐயும் சேர்த்து 1,43,300 ரூபாய். 13 வருடத்தில் அவ்வப்போது இறக்கியது மொத்தம் 31 கிலோ. ஏறியது 28.7. அன்றைய எடை 83.9. நிகரமாகக் குறைந்தது 2.3 கிலோ. வகுத்தால் கிலோ 62,304 ரூபாய். சில வருடங்களுக்கு முன் வெள்ளியே அந்த விலைக்குக் கிடைத்தது. அப்பா 257 ரூபாயில் ஏற்றிய சரக்கு.

கணக்கைக் காட்டியபோது அம்மா கண்ணை இடுக்கிப் பார்த்தாள். அவள் இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். "இதுக்கு நீ அந்தப் பழத்தையே துப்பாம வச்சிருக்கலாம்" என்றாள். எந்தப் பழத்தை என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. அவளுக்கு 42 வருடத்துக்கு முந்திய அந்த டஜன் நேற்று வாங்கியது மாதிரி.

போன மாதம் டிரெட்மில்லை எடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. மோட்டார் போய் வருடமாகிறது. அரிசி மூட்டையை இறக்கிவிட்டு, மீன்பாடி வண்டியில் ஏற்றி, தெருமுனைக் காயலான் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் தரையோடு பதித்த தராசில் அதைப் படுக்கவைத்தார். 56 கிலோ. கிலோ 28 ரூபாய். 1,568 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். உடம்பு வகையில் இத்தனை வருடத்தில் வந்த முதல் வரவு. இதைக் கழித்தால் கிலோ விலை 61,623 ஆகிறது.

டிரெட்மில்லை உருட்டி ஓரமாகத் தள்ளினார்கள். தராசு காலியாக இருந்தது. பழக்க தோஷம், செருப்பைக் கழற்றி, பர்ஸையும் செல்போனையும் பழைய பேப்பர் கட்டின் மேல் வைத்துவிட்டு ஏறி நின்றேன். கண்ணாடியைக் கழற்றவில்லை. 84.2.

கடைக்காரர் எட்டி எண்ணைப் பார்த்தார். அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்ல வெயிட்டு சார்" என்றார்.